கிடங்கு வாசலில் செவலி

கழுதை செவலியின் குட்டியைப் பார்த்துக்கொள்ள எருமையக்கா கேட்ட கொள்ளு, அவள் கூலியையே விழுங்கிவிடும் போலிருந்தது. வேலையை விட்டுவிடலாமா என்று அவள் நினைத்தபோது, சுமை தூக்கும் தாய்மாருக்குக் குட்டி பார்க்கும் கொள்ளில் பாதியை அரசே தரும் என்று முரசறைந்தார்கள். அதை வாங்கக் கூசிக்கொண்டே அரசுக் கிடங்குக்குப் போனாள்.

காவல் நாய் இளித்தது. "பெத்தது நீ, படியளக்கிறது ராஜாவா? நல்ல பிழைப்புடி!"

செவலி திரும்பியிருப்பாள். அதற்குள், நாய்க்குப் பின்னால் கூரைவரை அடுக்கியிருந்த கொள்ளு மூட்டைகள் கண்ணில் பட்டன.

"இதையெல்லாம் மேடேத்திக் கொண்டுவந்தது யாருண்ணே?"

நாய் அவள் முதுகின் காய்ப்பைப் பார்த்தது.

"எருமையக்காவுக்குப் பழசு பிடிக்காது," என்றாள் செவலி, தலையை நிமிர்த்தி. "அந்த மேல் மூட்டையை இறக்குங்க. நேத்து நான் சுமந்து வந்தது."