இடது அங்கவடி

நண்பகல் தாண்டியும் ஜெர்மானிய அரசன் கூடாரத்தை விட்டு வெளியே வரவில்லை.

பாப்பரசர் கோவேறு கழுதைமேலேயே உட்கார்ந்திருந்தார். குதிரைக்காரன் பொனிசோ வலப்பக்கம் கடிவாளத்தைப் பிடித்தபடி நின்றான். இருவருக்கும் அலுத்துப்போயிருந்தது.

பாப்பரசர் இறங்கும்போது அரசன் வந்து, அவர் கால் வைத்திருக்கும் இடது அங்கவடியைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் ரோமில் அவனுக்குப் பேரரசனாக முடிசூட்டு. பிடிக்காவிட்டால் மூன்றாம் வருஷமும் சண்டை.

தான் ஒன்றும் குதிரைக்காரன் இல்லை என்று அரசன் சொல்லியனுப்பிவிட்டான். கூட வந்த கர்தினால்கள் அதைக் கேட்டதும் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள்.

படைவீரர்கள் சும்மா இருக்கவில்லை. அரசனின் அப்பா, செத்துப்போன பெரிய ராஜா, எழுபது வயதிலும் குதிரைமேல் நிமிர்ந்திருந்த கதையை, பாப்பரசர் காதில் விழும்படி பேசிச் சிரித்தார்கள்.

பொனிசோவுக்கு மட்டும்தான் தெரியும். பாப்பரசருக்கு இடது கால் விளங்காமல் போய் ஒரு வருஷமாகிறது. தினமும் இவன்தான் இடுப்பைப் பிடித்து இறக்குவான். அது வெளியே தெரிந்தால் அரசன் சண்டைகூடப் போட வேண்டாம், காத்திருந்தாலே போதும்.

இன்று இடப்பக்கம் அரசனுக்கென்று விட்ட இடம். அவன் அங்கவடியைத் தொட்டுவிட்டு விலகியதும், பொனிசோ ஓடிப்போய்த் தாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

"போதும்டா பொனிசோ. அவன் வந்தாலும் சரி, வராட்டியும் சரி," என்றார் பாப்பரசர்.

அப்போதுதான் கூடாரத் துணி விலகியது.

அரசன் விடுவிடுவென்று வந்தான். எரிச்சலோடு அங்கவடியைப் பிடித்தான். விலக வேண்டியவன் விலகவில்லை. கைக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும், அங்கியின் ஓரத்தை மெல்ல உயர்த்தினான்.

கால் அங்கவடியோடு தோல்வாரால் கட்டப்பட்டிருந்தது.

எல்லாம் முடிந்தது என்று பொனிசோ கண்ணை மூடிக்கொண்டான்.

திறந்தபோது அரசன் மண்ணில் மண்டியிட்டு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

பின்னால் நின்ற படைக்கு முடிச்சு தெரியாது. அரசன் மண்டியிட்டது மட்டும்தான் தெரியும். சிரிப்பு அடங்கிவிட்டது. அந்த அமைதி அரசனுக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் வார் கழலும்வரை அவன் எழவில்லை.

பிறகு கிழவரை அணைத்துக்கொள்வதுபோல இறக்கி, அவர் பாரத்தைத் தன் தோளில் வாங்கிக்கொண்டு நடந்தான். போகிற போக்கில் வாரை பொனிசோவின் கையில் திணித்தான்.

"இவ்வளவு இறுக்காதேய்யா. எங்க அப்பாவுக்குக் கட்டுறப்போ நான் ரெண்டு விரல் இடம் விடுவேன்."