மதியம் மூன்று மணி நகல்

லேப்டாப்பில் இடம் இல்லை என்று எச்சரிக்கை வந்ததால்தான் ரோவேனா அந்த ஃபோல்டரைத் திறந்தாள்.

நாவலை மூடும்போதெல்லாம் மென்பொருள் தானாகவே ஒரு நகல் எடுத்து வைத்திருந்தது. நாற்பத்தொரு நகல்கள். ஒவ்வொன்றிலும் தேதி, நேரம்.

அதில் ஆறு, மதியம் மூன்று மணிவாக்கில் எடுத்தவை.

ரோவேனா மதியத்தில் எழுதியதே இல்லை. அந்த நேரத்தில் லேப்டாப் அம்மாவுடையது. கொரியத் தொடர் பார்ப்பாள். ப்ளே பட்டனைத் தவிர வேறெதுவும் தனக்குத் தெரியாது என்பாள்.

ஆகவே ரோவேனா நேராகச் சமையலறைக்குப் போனாள். மதியச் சாப்பாட்டுக்காகக் கீழே முடிதிருத்தும் கடையைப் பூட்டிவிட்டு வந்து, கணவன் எல்மர் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தான்.

"என் நாவல்ல நீ கை வச்சியா?"

"வச்சிருந்தா, அந்தப் புருஷனோட தொப்பையைத்தான் முதல்ல கரைச்சிருப்பேன்."

நியாயமான பதில். நாவலில் வரும் கணவனின் தொப்பை அப்படியே இருந்தது.

பதினெட்டு மெலிந்த காதல் கதைகளுக்குப் பிறகு அவள் எழுதிய முதல் தடித்த புத்தகம் இது. அவளுக்கு நான்கு வயதாக இருந்தபோது செபு துறைமுகத்தில் கப்பலேறிப் போய், பிறகு வரவே வராத அப்பாவைப் பற்றியது. 'திரும்பிப் பார்க்காதவர்' என்று தலைப்பு. அட்டைகூடத் தயார். இன்று மாலை ஐந்து மணிக்குப் பதிப்பகத்துக்கு அனுப்பவேண்டும்.

முதல் மதிய நகலுக்கு முந்தைய தன் நகலையும் நேற்றைய மதிய நகலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். நீக்கியது சிவப்பு, சேர்த்தது பச்சை.

மூன்றாம் அத்தியாயத்தில் மஞ்சள் திரைச்சீலை நீலமாகியிருந்தது.

ஐந்தாம் அத்தியாயத்தில் வீட்டுப் பன்றிக்குப் பெயர் முளைத்திருந்தது. சென்யோரா.

ரோவேனா சிரித்துவிட்டாள். மஞ்சள் அவளாகப் போட்ட நிறம். நான்கு வயதில் என்ன நினைவிருக்கும்? எல்மரோ போஹோல் தீவுக்காரன், அவள் சிறுவயதில் இருந்த அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. சென்யோராவைத் தெரிந்தவர் இந்த வீட்டில் ஒருவர்தான். பால்கனியில் துணி உலர்த்தியபடி அம்மா தொடரின் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

ப்ளே பட்டன் மட்டும்தான் தெரியுமாம்.

கடைசி அத்தியாயங்களோடு மல்லாடிக்கொண்டிருந்ததில், முன்பு எழுதியதை அவள் திரும்பப் படிக்கவேயில்லை. இப்போது ஒவ்வொரு பச்சையாகத் தேடிப் போனாள். திருவிழாச் சாப்பாட்டில் ஒரு பதார்த்தம் கூடியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு பல் குறைந்திருந்தது.

பிறகு ஒன்பதாம் அத்தியாயம். துறைமுகம்.

'அவர் திரும்பிப் பார்க்கவில்லை.'

சிறுவயதிலிருந்து அம்மா சொல்லிச் சொல்லி அவளுக்குப் பாடமாகிப்போன வாக்கியம். புத்தகமே அதன்மேல்தான் நின்றது. அது சிவப்பாகக் கிடந்தது.

அதன்கீழே பச்சையில்:

'மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். நான்தான் வெங்கைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.'

நாவலில் வரும் சிறுமியின் பெயர் செலியா. வெங் என்பது ரோவேனாவை வீட்டில் கூப்பிடும் பெயர். நாவலில் 'நான்' என்று யாரும் பேசுவதும் இல்லை.

அவள் மற்ற மதிய நகல்களையும் வரிசையாகத் திறந்தாள்.

முதல் நாள், 'திரும்பியதுபோல் இருந்தது.' மறுநாள் அதுவும் அழிக்கப்பட்டு, அவள் எழுதியதே திரும்ப வந்திருந்தது. மூன்றாம் நாள், 'ஒரு தடவை பார்த்தார்.' மறுபடி அழிப்பு. பிறகு, 'இரண்டு தடவை.' நேற்று மூன்று.

"என்ன வெங், இன்னிக்கு எனக்குத் தரமாட்டியா? நேத்து கல்யாண மேடையிலயே நிறுத்திட்டாங்க." அம்மா ஈரக் கையைத் துடைத்தபடி நின்றாள்.

ரோவேனா அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்டுவிடுவாள். கேட்டால் அம்மா சிரித்து மழுப்பிவிடுவாள்.

"வச்சுக்கோம்மா. அஞ்சு மணிக்குத்தான் அனுப்பணும்."

ஒப்பீட்டை மூடினாள். நாவலை ஒன்பதாம் அத்தியாயத்தில் திறந்து வைத்துவிட்டுக் கீழே போனாள். அப்போதுதான் கடையைத் திறந்துகொண்டிருந்த எல்மரைத் தாண்டிப் போய், சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வெட்டணுமா?"

"ஒண்ணும் கேக்காத. நாலு மணி வரைக்கும் இந்தத் தலையை என்னமோ பண்ணு."

அவன் இரண்டு முறை அலசி, மூன்று விதமாக வகிடெடுத்துப் பார்த்தான். மேலேயிருந்து கொரியப் பாட்டு கேட்கவேயில்லை.

நான்கு மணிக்கு அவள் ஈரத் தலையோடு மாடியேறினாள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறவளின் மூச்சாகத் தெரியவில்லை.

புதிய நகல் ஒன்று இருந்தது. மணி 3.52.

ஒப்பிட்டாள். ஒரே ஒரு பச்சை வரி.

'போகச் சொன்னதே நான்தான்.'

ஐந்து மணிக்கு ரோவேனா பதிப்பகத்துக்கு நாவலை அனுப்பவில்லை. இரண்டே வரியில் மின்னஞ்சல் அனுப்பினாள்.

'இன்னும் இரண்டு மாதம் கொடுங்கள். கதையைச் சொல்கிறவர் மாறியிருக்கிறார்.'