நாற்காலிக்குக் கீழே ஒரு வட்டம்

பொற்கொடி அந்தச் சின்ன வட்டத்தை அழித்துவிட்டு, அவசர அவசரமாக வேறோர் இடத்தில் வரைந்தாள். வட்டம் என்றால் செப்டிக் டேங்கின் மூடி. நான்கு மாடி வணிக வளாகத்துக்குக் குழாய், மின்சாரம், ஏசி எல்லாவற்றுக்கும் வரைபடம் போடுவது அவள் வேலை. நாளைக்குத் தரைத்தளத்தில் கான்கிரீட். கையெழுத்துப் போட வந்த முதலாளி குமரகுரு படியேறும் சத்தம் கேட்டது.

"என்னம்மா, மூடி, குழாய்னு கடைக்குள்ள இடத்தைத் தின்னுட்டியா?"

"ஒரு கடையையும் தொடலை சார். வாடகை இடம் அப்படியே இருக்கு."

"அப்படிப் போடு!"

அவர் எப்போதும் சதுர அடி அட்டவணையை மட்டும்தான் பார்ப்பார். இன்றைக்கும் அதைப் பார்த்துவிட்டு, மற்ற தாள்களில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

"மூடியை எங்கே வெச்சேன்னு கேக்கலையே சார்?"

"எங்க வேணா வெச்சுக்கோ. நானா உள்ள இறங்கப் போறேன்?" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பொற்கொடி வரைபடத்தை நிதானமாகச் சுருட்டினாள். தரைத்தளத்தில் வாடகைக்கு விடாத அறை ஒன்றே ஒன்றுதான், முதலாளியின் அறை. வட்டம் அங்கே, அவர் நாற்காலிக்கு நேர் கீழே இருந்தது. இனி யார் இறங்கினாலும் அவரை எழுப்பி, நாற்காலியைத் தள்ளிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

அவருடைய பழைய கட்டடத்தில் மூடி வண்டி நிறுத்துமிடத்தின் கடைசி மூலையில் இருந்தது. அடைப்பெடுக்க இறங்கிய குழாய்க்காரன் விஷவாயுவில் மூச்சுமுட்டிச் சாகும் முன் கத்தியது யார் காதிலும் விழவில்லை. அவன் பெயர் அன்பரசு. பொற்கொடியின் கூடப்பிறந்த தம்பி.