ஒரே ஒரு நீலக்கோடு

மொண்டெவிடியோவின் சின்னக் கலைக்கூடத்தில் மாலை வெயில் சன்னல் வழியே சாய்ந்து, வெள்ளைத் துணியில் மைரா இழுத்திருக்கும் ஒற்றை நீலக்கோட்டின்மேல் விழுகிறது. மகளின் முதல் கண்காட்சி. ஒத்திகை பார்த்து வந்த பாராட்டுகளையெல்லாம், பக்கத்து அறையில் கம்பியும் கண்ணாடியுமாகச் சிக்கிக் கிடக்கும் யாருடைய படைப்பிடமோ செலவழித்துவிட்டு, பல் வைத்தியர் அபரிசியோ வெறுங்கையோடு நிற்கிறார். "என்னப்பா, அங்கே அவ்வளவு பிரசங்கம் பண்ணினே. இங்கே வாயைத் திறக்க மாட்டேங்கிறே?" "மத்தவங்க வாயைத் திறந்துதாம்மா எனக்குப் பழக்கம்." அவள் சிரிக்கவில்லை. அக்குளில் இடுக்கிய குடுவையிலிருந்து வெந்நீரைச் சாய்த்து, உறிஞ்சுகுழல் செருகிய சுரைக்குடுக்கையில் மாத்தே தேநீர் நீட்டுகிறாள். குடித்தவர் நன்றி சொல்லித் திருப்பித் தந்தால், இந்த ஊரில் 'எனக்குப் போதும்' என்று அர்த்தம். அதற்குமேல் யாரும் ஊற்ற மாட்டார்கள். அபரிசியோ மெல்ல உறிஞ்சுகிறார். கோடு நடுவில் லேசாக நடுங்கியிருப்பது இப்போதுதான் கண்ணில் படுகிறது. அந்த இடத்தில் அவள் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டிருக்க வேண்டும். குழல் கடைசிச் சொட்டில் கொறகொறக்கிறது. மைரா அவர் உதட்டையே பார்க்கிறாள். ஒரு வார்த்தையும் சொல்லாமல், கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், அவர் காலிக் குடுக்கையை நீட்டுகிறார். அவள் அவசர அவசரமாகக் குடுவையைத் திறக்கிறாள்.