நானே வர்றேங்க சாமி

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து ஊர்க்கோவிலில் ஞாயிறு காலைத் திருப்பலி. சன்னல் வெயில் சிவப்புச் சிமெண்டுத் தரையில் நீளமாக விழுந்து கிடக்கிறது. நற்கருணைக் கிண்ணத்தோடு பாதிரியார், முன்பெஞ்சில் இருக்கும் சவுரியப்பனை நோக்கிப் படியிறங்குகிறார். தொப்பூர்க் கணவாயில், ஓட்டிவந்த லாரி கவிழ்ந்து ஒரு கால் போனவருக்கு இத்தனை மாதமாக இருந்த இடத்துக்கே வந்துதான் கொடுக்கிறார். இன்று சவுரியப்பன், எதிரே வரும் வண்டியை நிறுத்துவதுபோல உள்ளங்கையை உயர்த்துகிறார். "அங்கயே நில்லுங்க சாமி, நானே வர்றேங்க." புதுச் செயற்கைக்கால் தரையில் டக், டக் என்கிறது. பாடிக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை மறந்து பார்க்கிறார்கள். மனைவி செசிலி, தொடாமல், இரு கைகளையும் நீட்டியபடி பின்னாலேயே போகிறாள். "மெதுவாங்க. என்ன அவசரம்?" "ரெண்டு காலு இருந்தப்போ பூசை முடியற வரைக்கும் வெளிய வேப்பமரத்தடியிலயே நின்னுட்டேன் செசிலி. ஒண்ணு போனப்புறந்தான் உள்ள வர வழி தெரிஞ்சுது." பாதிரியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பத்தை உயர்த்துகிறார். "கிறிஸ்துவின் திருவுடல்." இஞ்சின் சத்தத்தை மீறிக் கிளீனரைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை, "ஆமென்!" என்கிறது. உத்திரத்துக் குருவிகள் படபடக்க, கோவிலே சிரிக்கிறது. வெளியே வேப்பமரத்தடியில் நிற்பவர்களில் ஒருவன் செருப்பைக் கழற்றுகிறான்.