வடக்கு வளைவு

பெட்ரோல் நிரப்ப வண்டி நின்றதும் லியோனி இருக்கையிலிருந்து எழப் பார்த்தாள்.

கணவன் அர்மானின் கை அவள் தோளை அழுத்தியது. பார்ப்பவர்களுக்கு அது அணைப்பு.

"முடியல அர்மான். பெர்த் ஓட்டட்டும்."

"அவ முறை வரும்போது அவ ஓட்டுவா. சிரி செல்லம், படம் எடுக்கறாங்க. யாராச்சும் கேட்டா காத்துல கண்ணு கலங்கிருச்சுன்னு சொல்லிடு."

நெற்றியில் முத்தமிட்டு, அவள் பந்தயக் கண்ணாடியை அவனே கண்களுக்கு மேல் இறக்கிவிட்டான்.

பெட்ரோலுக்குத் தவிர எதற்கும் நிற்காமல், இரண்டு பெண்கள் மாறி மாறி இருபத்துநான்கு மணி நேரம் ஓட்டும் சாதனை முயற்சி. வண்டி அர்மானின் தொழிற்சாலையில் செய்தது. பாரிஸ் முழுக்க ஒட்டியிருந்த சுவரொட்டிகளில் 'பயமறியாத லியோனி' என்று போட்டிருந்தது.

மோன்லேரி பந்தயப் பாதை ஒரு பெரிய சிமெண்ட் கிண்ணம். அதன் வடக்கு வளைவில்தான் போன கோடையில் தோழி மார்த் விளிம்பைத் தாண்டிப் பறந்து செத்துப்போனாள்.

ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வந்தது. அதைக் கடந்தால் மறுபடி அர்மான், போ போ என்று கொடியை ஆட்டிக்கொண்டு.

எத்தனையாவது சுற்றோ. வடக்கு வளைவுக்குச் சற்று முன்னால், லியோனியின் கை பெட்ரோல் குழாயின் திருகை மூடியது.

எஞ்சின் இருமியது. வண்டி சரிவில் இறங்கி, உள்பக்கத்துப் புல்லில் போய் நின்றது.

எங்கோ ஒரு வானம்பாடி பாடிக்கொண்டிருந்தது.

புல்வெளியைக் குறுக்கே கடந்து முதலில் ஓடி வந்தவள் பெர்த். இந்தச் சாதனைக்காகத் தட்டச்சு வேலையை விட்டுவிட்டு வந்தவள். தோல் தொப்பியை ஏற்கெனவே மாட்டியிருந்தாள்.

முன்பக்க மூடியைத் தூக்கி எஞ்சினைப் பார்த்தாள். பிறகு ஓட்டுபவர் இருக்கைப் பக்கம் வந்து உள்ளே குனிந்தாள். மூடிய திருகைப் பார்த்தாள்.

கன்னத்தில் அறை விழும் என்று லியோனி காத்திருந்தாள்.

பெர்த் திருகைத் திறந்துவிட்டாள். வண்டிக்குள் இருந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். ஓங்கி ஒரே அடி. எண்ணெய்க் குழாய் உடைந்து, கறுப்பாகப் புல்லில் ஒழுகியது.

அர்மானும் புகைப்படக்காரர்களும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது குழாய்தான் எல்லோர் கண்ணிலும் பட்டது.

"வண்டிதான் தோத்துது, இவங்க தோக்கல!" என்று உரக்கச் சொன்னான் அர்மான். "அடுத்த மாசமே திரும்ப வர்றோம்!"

பெர்த் லியோனியின் தோளில் கை போட்டுக்கொண்டு படத்துக்குச் சிரித்தாள்.

"என் முறை வர்றதுக்குள்ள வண்டி நின்னுடணும்னு காலைலேருந்து வேண்டிக்கிட்டிருந்தேன்டி," என்றாள், உதடு அசையாமல்.