அடைப்புக்குறிக்குள் கைதட்டல்

“அக்கா, கைதட்டல் அச்சாயிடுச்சு. பேச்சு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.”

கலாசார மண்டபத்தின் மேடைத் திரைக்குப் பின்னால் மைக் ஒயரைச் செருகிக்கொண்டிருந்த பெர்மெட் திரும்பிப் பார்த்தாள். தங்கை சைகல் அன்றைய வட்டாரப் பத்திரிகையை நீட்டினாள். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்து: ‘அகிம் எசென்குல் உரை, அரங்கம் அதிர்ந்தது.’

அகிம் என்றால் அந்த வட்டாரத்துக்கே தலைமை அதிகாரி. அவருடைய கார் இன்னும் வந்து சேரவில்லை.

பத்திரிகையின் ஆசிரியர் இவர்களுடைய அம்மா. சோவியத் காலத்து இதழ்களைக் கணினியில் ஏற்றும் வேலையைச் சைகலிடம் கொடுத்திருந்தார். தட்டத் தட்ட சைகலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எந்தப் பேச்சானாலும் நடுநடுவே அடைப்புக்குறிக்குள் ‘கைதட்டல்’. பேசுபவர் கொஞ்சம் பெரிய ஆள் என்றால் ‘நீண்ட கைதட்டல்’. தலைநகரிலிருந்து வந்தவர் என்றால் ‘இடிமுழக்கம் போன்ற கைதட்டல், எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள்’. ஆடுகளைச் சொறி மருந்தில் குளிப்பாட்டுவது பற்றிய பேச்சுக்குக்கூடக் கைதட்டியிருந்தார்கள்.

அந்தப் பாணியில் அகிமின் பேச்சை விளையாட்டாக எழுதி, அக்காவிடம் காட்ட வைத்திருந்தாள். கணினியில் அதற்குப் பக்கத்திலேயே ‘இன்று கூட்டம்’ என்ற உண்மையான அறிவிப்பும் இருந்தது. பல்வலியில் கன்னம் வீங்கிக் கிடந்த அம்மா, “நீயே அச்சகத்துக்கு அனுப்பிடு” என்றார். சைகல் மாற்றி அனுப்பிவிட்டாள்.

பெர்மெட் படித்துக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நின்றாள்.

“ஏண்டி, பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கக்கூஸ் கட்டித் தர்றேன்னு அவரு எப்படி சொன்னாரு?”

“பனியில முற்றத்தத் தாண்டி ஓடுறது நாங்கதானே. சும்மா ஒரு ஆசைக்கு எழுதினேன்.”

“ஆசைக்கு இடிமுழக்கம் வேற.”

“அம்மா வேலை போயிடுமாக்கா?”

“வேலையோட போனா கும்பிடு போடலாம். பேசாம இங்கயே ஒளிஞ்சுக்க.”

வெளியே ஹாரன் கேட்டது. திரை இடுக்கில் சைகல் ஒற்றைக் கண்ணை வைத்தாள். அரங்கம் நிறைந்திருந்தது. ஒவ்வொருவர் மடியிலும் பத்திரிகை. அகிம் மேடையேறினார். கோட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்துப் பிரித்தார். அதே பத்திரிகை.

சைகல் அக்காவின் கையை இறுகப் பிடித்தாள். கிழித்துப் போடப்போகிறார்.

அகிம் தொண்டையைக் கனைத்துவிட்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். பத்தி முடிந்ததும், “நீண்ட கைதட்டல்” என்று அதையும் சேர்த்தே படித்தார். முன்வரிசைக் கிழவர்கள் தங்கள் பத்திரிகையில் விரல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டு, நீளமாகவே தட்டினார்கள்.

அப்படியே கக்கூஸ் வந்தது. அகிம் பாதியில் நிறுத்தினார். தாளிலிருந்து தலையைத் தூக்கினார். தலைமை ஆசிரியை ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் மண்டபமே எழுந்துகொண்டிருந்தது. ‘எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள்’ என்று போட்டிருந்ததே. இனி எப்படிப் பின்வாங்குவது? மிச்சத்தையும் படித்துவிட்டார். அடுத்த நொடி நிஜமாகவே இடி முழங்கியது.

கூட்டம் கலைந்ததும் அகிம் நேராகத் திரைக்குப் பின்னால் வந்தார்.

“எழுதினது யாரு?”

பெர்மெட் தங்கைக்கு முன்னால் வந்து நின்றாள். சைகலின் முகமே காட்டிக்கொடுத்தது.

“அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எல்லாம் நான்தான்.”

அகிம் கல்பாக் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“என் பேச்செல்லாம் உங்கம்மாதான் எழுதித் தருவாங்க. இந்தத் தடவ பல்வலின்னு அனுப்பல. கார்ல ஏறும்போது கையில ஒரு வரி இல்ல. இந்தப் பேப்பரப் பார்த்தப்புறம்தான் உயிரே வந்துச்சு.”

சைகலுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. அவர் இன்னும் நெருங்கி வந்து கேட்டார்:

“அடுத்த வெள்ளிக்கிழமை மந்திரி வர்றாரு. சொல்லும்மா, அன்னைக்கு நான் என்ன பேசினேன்?”